கூட்டினால் என்ன வகை?

ஏழையும் இரண்டரையையும் கூட்டினால் ஒன்பதரை. இதைப் பள்ளிக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அந்த ஒன்பதரையைக் கணினி தன் நினைவகத்தில் எத்தனை பைட் இடத்தில், எந்த வடிவத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டால்தான் விஷயம் ஆரம்பிக்கிறது.

சி++ மொழியில் 7 என்று எழுதினால் அது இன்ட் என்ற வகை. இன்று நாம் புழங்கும் கணினிகளில் பெரும்பாலும் 4 பைட் எடுத்துக்கொள்ளும். 2.5 என்று எழுதினால் அது டபுள், 8 பைட். அளவு மட்டுமல்ல, உள்ளே எழுதப்படும் முறையும் வேறு. இன்ட்டின் 32 பிட்டுகளும் நேரடியான இரும எண். டபுளின் 64 பிட்டுகளில் ஒரு பங்கு இலக்கங்களுக்கும் ஒரு பங்கு அடுக்குக்கும் போகிறது. ஒரு முறையில் எழுதியதை மற்ற முறையில் படித்தால் குப்பைதான் கிடைக்கும். அதனால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், ஒவ்வொரு கணக்கின் விடையும் என்ன வகை என்பதை நிரல் ஓடத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறது. இன்ட்டும் டபுளும் சேர்ந்தால் டபுள். இரண்டு இன்ட் சேர்ந்தால் இன்ட். சார் எனப்படும் ஒரு பைட் எண்கள் இரண்டைக் கூட்டினால் சார் வரும் என்று எதிர்பார்ப்போம், வருவது இன்ட். சிறிய எண்களைக் கணக்குக்கு முன் இன்ட் அளவுக்கு உயர்த்திக்கொள்ளும் பழக்கம் சி மொழியிலிருந்து வந்தது. இன்றுவரை மாறவில்லை.

கம்பைலருக்கு இதெல்லாம் அத்துப்படி. அதற்குத் தெரிந்ததை நிரலாளர் கேட்டு வாங்க வழி இல்லாமல் போனதுதான் சிக்கல். அந்த வழியைத் திறக்க கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் சி++ஐ உருவாக்கியபோது, சி மொழியின் ஒரு கட்டாயமும் கூடவே வந்தது. மதிப்புகளை வாங்கி ஒரு விடையைத் திருப்பித் தரும் நிரல் துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். அதை எழுதுகிறவர், அது எதைத் திருப்பித் தரும் என்பதை முதல் சொல்லாகவே எழுதிவிட வேண்டும். இரண்டு இன்ட்டை வாங்கி இன்ட்டைத் தரும் ஃபங்ஷனுக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. 1988இல் அவர் டெம்ப்ளேட் என்ற வசதியை முன்மொழிந்தார். சிரமம் அங்கிருந்து வந்தது.

வாடகை ஒப்பந்தத்துக்கு அச்சடித்த படிவம் விற்பார்கள். உரிமையாளர் பெயர், குடியிருப்பவர் பெயர், வாடகைத் தொகை எல்லாம் புள்ளிக்கோடாக இருக்கும், வாங்குகிறவர் நிரப்பிக்கொள்வார். டெம்ப்ளேட் அப்படிப்பட்ட படிவம்தான். கோடிட்ட இடத்தில் வகையின் பெயர் வரும். "டி என்ற ஏதோ ஒரு வகையில் இரண்டு பொருள்களைக் கொடு, கூட்டித் தருகிறேன்" என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும். இன்ட்டோடு அழைத்தால் கம்பைலர் இன்ட்டுக்கு ஒரு பிரதி எடுக்கும், டபுளோடு அழைத்தால் டபுளுக்கு ஒன்று. இப்போது அந்தப் படிவத்தில் ஓர் இடம் மட்டும் மற்ற இடங்களைப் பொறுத்தது என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் வாடகையின் பத்து மடங்கு என்பதைப் போல. வாடகை எவ்வளவு என்றே தெரியாத அச்சகத்துக்காரர் அந்த இடத்தில் என்ன அச்சடிப்பார்?

டி என்ற வகையில் ஒன்று, யு என்ற வகையில் ஒன்று, இரண்டையும் கூட்டித் தரும் டெம்ப்ளேட்டை எழுதப் பாருங்கள். திருப்பித் தரும் வகை டியா? டி இன்ட்டாகவும் யு டபுளாகவும் இருந்தால் ஒன்பதரை ஒன்பதாகக் குறுகிவிடும். அப்படியானால் யுவா? யாராவது இடம் மாற்றி அழைத்தால் அதே கதை. சில சமயம் இரண்டுமே தவறு. இரண்டு சார் சேர்ந்தால் இன்ட் என்று பார்த்தோம். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வருவது வேகம். அது தூரமும் இல்லை, நேரமும் இல்லை. கொடுத்த வகைகளின் பட்டியலுக்குள் விடையின் வகையைத் தேடுவதே வீண்.

1990களின் நிரலாளர்கள் இதற்குக் கண்ட வழிகளில் புத்திசாலித்தனம் இருந்தது, அழகு இல்லை. அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் ஹியூலெட்-பேக்கார்ட் ஆய்வகத்தில் உருவாக்கிய எஸ்.டி.எல். நூலகம் 1994இல், எல்லாக் கம்பைலர்களும் பின்பற்ற வேண்டிய சி++ தரத்தின் வரைவுக்குள் வந்தது. அதில் கூட்டல், கழித்தல் போன்ற செயல்களைச் சுமக்கும் ஒவ்வொரு பொருளும் "என் விடையின் வகை இது" என்ற குறிப்பைத் தன்னோடு வைத்திருக்கும். குறிப்பை எழுதுகிறவர் மனிதர். மறந்தால் அந்தப் பொருள் நூலகத்தின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாது.

இன்னொரு வழி அட்டவணை. இந்த வகையும் அந்த வகையும் சேர்ந்தால் இது என்று ஒவ்வோர் இணைக்கும் ஒரு வரி. 1998இன் சி++ தரத்தில் அடிப்படை எண் வகைகள், ஆம்-இல்லை வகையையும் எழுத்து வகைகளையும் சேர்த்து, 14. இணைகள் 196. கூட்டலுக்கு மட்டும். நிரலாளர் தாமே உருவாக்கும் வகைகள் தனி. பின்லாந்துக்காரரான யாக்கோ யார்வி, கேரி பவல் என்பவரோடு சேர்ந்து எழுதிய பூஸ்ட் லாம்டா நூலகம் இப்படித்தான் இயங்கியது. அடிப்படை வகைகளுக்கான விதிகளை நூலகமே தெரிந்து வைத்திருக்கும். நீங்கள் உருவாக்கிய வகைக்கு நீங்கள்தான் விதி எழுதித் தர வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் விடை இன்ன வகை என்று கையால் சொல்ல வேண்டும்.

இதில் எரிச்சலூட்டுவது, அந்த அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான். கம்பைலருக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அது ஒவ்வொரு கூட்டலையும் மொழிபெயர்க்கிறது. அதற்குத் தெரிந்ததையே ஆள் வைத்து மறுபடி எழுதி அதனிடமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியும் மொழியிலேயே இருந்தது. சைஸ்ஆஃப் என்ற கட்டளையிடம் ஒரு கணக்கைக் கொடுத்தால், கணக்கைப் போடாமலேயே விடை எத்தனை பைட் என்று சொல்லும். வகை தெரியாமல் அளவைச் சொல்ல முடியாது. அளவைச் சொல்கிறது, வகையைச் சொல்ல மறுக்கிறது. க்னூவின் கம்பைலர் டைப்ஆஃப் என்ற பெயரில் அந்த வசதியைத் தன் சொந்தப் பொறுப்பில் கொடுத்துவந்தது. ஆனால் அது தரத்தில் இல்லை. எல்லாக் கம்பைலர்களிலும் ஓட வேண்டிய நூலகம் அதை நம்ப முடியாது.

ஸ்ட்ரூஸ்ட்ரப் இதன் ஒரு பாதியை 1984இலேயே செய்து பார்த்திருந்தார். மாறியின் வகையை எழுதாமல் ஆட்டோ என்று போட்டு மதிப்பைக் கொடுத்தால், அந்த மதிப்பின் வகையையே மாறி எடுத்துக்கொள்ளும். அவருடைய சிஃப்ரன்ட் கம்பைலரில் அது ஓடியது. பிறகு எடுத்துவிட்டார். காரணம் சி மொழி. ஆட்டோ என்ற சொல் கென் தாம்சனின் பி மொழியிலிருந்தே இருந்துவந்தது. ஃபங்ஷன் முடிந்ததும் தானே மறையும் மாறி என்று அதற்குப் பொருள். அன்றைய சி மொழியிலோ வகையை எழுதாவிட்டால் இன்ட் என்று கொள்ளப்பட்டது. ஆகவே ஆட்டோ போட்டு 2.5ஐக் கொடுத்தால், அன்றைய சி மொழியில் அது 2ஐ மட்டும் வைத்துக்கொள்ளும் இன்ட். ஒரே வரிக்கு இரு மொழியிலும் இரு பொருள் வருவதை அன்றைய சி++ தாங்கியிருக்காது. எழுதாவிட்டால் இன்ட் என்ற விதியை சி++ 1998இலும் சி 1999இலும் கைவிட்ட பிறகுதான் பாதை திறந்தது.

2003இல் யார்வி, ஸ்ட்ரூஸ்ட்ரப், டக் கிரிகோர், ஜெரமி சீக் நால்வரும், சி++ தரத்தை வகுக்கும் தரக்குழுவிடம் ஒரு முன்மொழிவைக் கொடுத்தார்கள். ஆட்டோவோடு டெக்ல்டைப் என்ற புதிய சொல்லும் அதில் இருந்தது. ஒரு கோவையை, அதாவது ஒரு கணக்கை, கொடுத்தால் அதன் வகையைத் தரும், கோவையை இயக்காது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த டைப்ஆஃபையே எடுத்துக்கொண்டிருக்கலாமே என்றால், பழைய டைப்ஆஃப் ஒரு நுணுக்கத்தை விட்டுவிடும். அந்த நுணுக்கம்தான் இங்கே உயிர்.

சி++இல் ரெஃபரன்ஸ் என்று ஒன்று உண்டு. நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளுக்கு அது இன்னொரு பெயர். ஒரு வரிசையின் மூன்றாம் உறுப்பைக் கேட்டால், கிடைப்பது உறுப்பின் நகல் அன்று, உறுப்பேதான். ஆகவே அதற்கு நேராகப் புதிய மதிப்பை எழுதலாம். இப்போது அந்த வரிசையைச் சுற்றி நாம் ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். பயனர் கேட்கும் உறுப்பை, அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்படியே எடுத்துத் தர வேண்டும். திருப்பித் தரும் வகையில் ரெஃபரன்ஸ் தவறிப்போனால் போவது நகல். பயனர் அதில் எதை எழுதினாலும் வரிசையைச் சேராது. "இன்ட்" என்ற பதிலும் "இன்ட்டுக்கு ரெஃபரன்ஸ்" என்ற பதிலும் இங்கே வெவ்வேறு. பலர் பழைய டைப்ஆஃபை நம்பி நிரல் எழுதியிருந்தார்கள். அதன் பொருளை மாற்றுவதைவிடப் புதுச் சொல் படைப்பது மேல் என்று முடிவானது. சொல் அழகாக இல்லை என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

டெக்ல்டைப்புக்கு விசித்திரமான ஒரு குணமும் வாய்த்தது. ஒரு மாறியின் பெயரை மட்டும் கொடுத்தால், அது எந்த வகையாக அறிவிக்கப்பட்டதோ அதைச் சொல்லும். அதே பெயரைக் கூடுதலாக ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டுக் கொடுத்தால், அதை ஒரு கோவையாகக் கருதி, ரெஃபரன்ஸ் என்று சொல்லும். அடைப்புக்குறி போட்டால் பொருள் மாறாது என்று கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இங்கே செல்லாது. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

கேள்வி கேட்கும் கருவி கிடைத்துவிட்டது. இடம்தான் கிடைக்கவில்லை. சி++ நிரலைக் கம்பைலர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. திருப்பித் தரும் வகை முதலில் வருகிறது, உள்ளே வரும் பொருள்களின் பெயர்கள் அதற்குப் பிறகு வருகின்றன. "எக்ஸையும் ஒய்யையும் கூட்டினால் வரும் வகை" என்று முதல் இடத்தில் எழுதினால், எக்ஸ் யார், ஒய் யார் என்று கம்பைலர் கேட்கும். அந்தப் பெயர்களை அது இன்னும் சந்திக்கவில்லை. இதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு தந்திரம் இருந்தது. எங்கும் இல்லாத முகவரியான பூஜ்யத்தில் டி வகைப் பொருள் ஒன்று இருப்பதாகப் பாவித்து, அங்கேயே யு வகைப் பொருள் ஒன்றும் இருப்பதாகப் பாவித்து, இரண்டையும் கூட்டினால் என்ன வகை என்று கேட்பது. கணக்கு நடக்கப்போவதில்லை என்பதால் ஆபத்தில்லை. படிக்கிறவருக்குத்தான் தலை சுற்றும்.

முடிவில் இலக்கணத்தையே திருப்பிப் போட்டார்கள். முதல் இடத்தில் ஆட்டோ என்று வைத்து, பொருள்களின் பெயர்களையெல்லாம் எழுதி முடித்த பிறகு ஓர் அம்புக்குறி, அதன் வலப்பக்கம் திருப்பித் தரும் வகை. அங்கே எக்ஸும் ஒய்யும் அறிமுகமான பெயர்கள். ரெட் ஹேட் நிறுவனத்தின் ஜேசன் மெரில் 2008இல் இதற்கான விதிவாசகத்தைத் தரக்குழுவுக்கு எழுதினார். 2011இல் வெளியான சி++11 தரத்தில் டெக்ல்டைப்பும் ஆட்டோவும் அம்புக்குறியும் ஒன்றாக வந்தன.

இங்கே ஒரு வேடிக்கை. கம்பைலர் உருவாக்கும் ஒவ்வொரு ஃபங்ஷன் பிரதிக்கும் தனிப்பெயர் வேண்டும். கோப்புகளை இணைக்கும் லிங்கர் அந்தப் பெயரை வைத்துத்தான் அடையாளம் காணும். டெம்ப்ளேட் என்றால் அந்தப் பெயருக்குள் திருப்பித் தரும் வகையும் எழுதப்படும். டெக்ல்டைப் வந்த பிறகு அந்த இடத்தில் இருப்பது வகை அன்று, ஒரு கேள்வி. ஆகவே லினக்ஸ் கணினிகளில் அந்தப் பெயருக்குள் கேள்வியே சங்கேதமாக எழுதப்படுகிறது. டெக்ல்டைப்புக்கு இரண்டு எழுத்து, கூட்டலுக்கு இரண்டு எழுத்து, பிறகு முதல் பொருள், இரண்டாம் பொருள். கேள்வி நீண்டால் பெயரும் நீளும்.

கூட்டல் ஃபங்ஷனின் உடலிலும் "எக்ஸ் கூட்டல் ஒய்யைத் திருப்பித் தா" என்று இருக்கிறது, அம்புக்குறிக்குப் பக்கத்திலும் அதே "எக்ஸ் கூட்டல் ஒய்". எதற்கு இரண்டு முறை? 2013இல் மெரில் அடுத்த முன்மொழிவைக் கொண்டுவந்தார்; சி++14இல் அம்புக்குறியையும் விட்டுவிடலாம் என்றானது. கம்பைலர் ஃபங்ஷனின் உடலைப் படித்து, அது எதைத் திருப்பித் தருகிறதோ அதன் வகையைத் தானே எடுத்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் திருப்பித் தந்தால் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் இன்ட், ஓரிடத்தில் டபுள் என்றால் பிழை. தன்னையே அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன் என்றால், அப்படி அழைப்பதற்கு முன் ஓரிடத்திலாவது வேறு வழியில் திருப்பித் தந்திருக்க வேண்டும்.

இந்த விதிகளைப் பார்த்து எம்.எல். மொழிக்காரர்கள் புன்னகைத்திருக்கலாம். அம்மொழிக்காக எடின்பரோவில் ராபின் மில்னர் 1978இல் வெளியிட்ட முறை, நிரலில் ஒரு வகையைக்கூட எழுதாமல் எல்லாவற்றையும் ஊகித்துவிடும். ரோஜர் ஹிண்ட்லி தர்க்கவியலில் அதே கருத்தை 1969லேயே அடைந்திருந்தார். உடலை வைத்து உள்ளே வரும் பொருள்களின் வகையைக்கூட மில்னரின் முறை கண்டுபிடிக்கும். சி++ அதற்குத் துணியவில்லை. ஆனால் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்.எல். குடும்பத்தைச் சேர்ந்த ஓகேமல் மொழியில் முழு எண்ணுக்கு ஒரு கூட்டல் குறி, தசம எண்ணுக்குப் புள்ளி வைத்த வேறொரு கூட்டல் குறி. ஹாஸ்கெல் மொழியின் கூட்டல் இரண்டு பக்கமும் ஒரே வகையைக் கேட்கும், அதே வகையைத் தரும். ஏழோடு இரண்டரையைக் கூட்டினால் என்ன வகை என்ற கேள்வியே அங்கே எழ விடுவதில்லை. அந்த நேர்த்தி இந்தக் கட்டுப்பாட்டை விலையாகக் கொடுத்து வாங்கியது. யார் வேண்டுமானாலும் எந்த இரண்டு வகைக்கும் கூட்டலை வரையறுக்கலாம், வகைகள் சொல்லாமலே ஒன்றிலிருந்து ஒன்றாக மாறலாம் என்று அனுமதித்த சி++க்கு, உள்ளே வருவதை முதலில் தெரிந்துகொண்டு அதிலிருந்து விடையை நோக்கி முன்னால் நடப்பதுதான் சாத்தியம்.

ரஸ்ட் மொழி வேறொரு முடிவெடுத்தது. அதில் ஃபங்ஷனின் திருப்பித் தரும் வகையை எழுதியே ஆக வேண்டும். இரண்டு வகைகளுக்குக் கூட்டலை வரையறுக்கிறவர், விடையின் வகையை அவுட்புட் என்ற பெயரில் அங்கேயே அறிவிக்க வேண்டும். யார்வியும் பவலும் கையால் எழுதிய அட்டவணையை மொழியே ஏற்றுக்கொண்ட மாதிரி. எனக்கு இது பிற்போக்காகப் படவில்லை. ஃபங்ஷனின் முதல் வரி, அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தரும் வாக்கு. சி++14 முறையில் உடலைப் பார்க்காமல் அந்த வாக்கு என்னவென்று தெரியாது, கம்பைலருக்கும் தெரியாது. உடலில் ஒரு வரியை மாற்றினால் வாக்கும் ஓசையில்லாமல் மாறும். அம்புக்குறிக்கு வலப்பக்கம் வகையை எழுதியிருந்தால், பொருந்தாத அழைப்பைக் கம்பைலர் அமைதியாக ஒதுக்கிவிட்டு வேறு ஃபங்ஷனைத் தேடும். உடலுக்குள் போய்த்தான் வகையை அறிய வேண்டுமென்றால், போன இடத்தில் தடுக்கி விழுந்து பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

அடைப்புக்குறியின் விளைவுக்கு இப்போது வரலாம். டெக்ல்டைப்பின் துல்லியத்தோடு உடலைப் படித்து வகையை எடு என்று சொல்லவும் சி++14 வழி தந்தது. அப்படி ஒரு ஃபங்ஷனில் உள்ளூர் மாறி ஒன்றைப் பெயரால் திருப்பித் தந்தால் அதன் மதிப்பு வரும். அதையே அடைப்புக்குறிக்குள் போட்டுத் தந்தால், அந்த மாறிக்கான ரெஃபரன்ஸ் வரும். ஃபங்ஷன் முடிந்ததும் மாறி மறைந்துவிடும். கையில் இருப்பது ஆள் இல்லாத முகவரி.

இன்னொரு பொறி கணிதக்காரர்களுக்கு. டாட் வெல்ட்ஹைசன் 1995இல் விவரித்த எக்ஸ்பிரஷன் டெம்ப்ளேட் முறையில், இரண்டு வெக்டரைக் கூட்டினால் கிடைப்பது வெக்டர் அன்று. "இவ்விரண்டையும் கூட்ட வேண்டும்" என்ற குறிப்பைச் சுமக்கும் ஒரு சிறு பொருள். உண்மையான கணக்கு, அதை ஒரு வெக்டரில் இடும்போதுதான் நடக்கும். இடையில் தற்காலிக வெக்டர்கள் உருவாகாததால் வேகம். இங்கே ஆட்டோ போட்டு விடையை வாங்கினால், கம்பைலர் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் தருகிறது. வாங்கியவர் கையில் குறிப்பு இருக்கிறது, வெக்டர் இல்லை. பின்னால் மூல வெக்டர்களை மாற்றினால் "விடை"யும் மாறும்.

ஊகம் மிக நன்றாக வேலை செய்யும் இடம் ஒன்றும் உண்டு. ஹோவர்ட் ஹின்னன்ட் முன்னின்று உருவாக்கிய க்ரோனோ நூலகத்தில் நேர அளவுகள் எல்லாம் தனித்தனி வகைகள். மணியோடு நிமிடத்தைக் கூட்டினால் நிமிடம். விநாடியில் மூன்றில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட வகையோடு நான்கில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட வகையைக் கூட்டினால், பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டுக்கும் பொதுவான மிகப் பெரிய அளவுகோல் அதுதான். பின்னம் எதுவும் இழக்கப்படாது. இதில் யாரும் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கே சொல்லிவிடுகிறது.

இரண்டில் சிறியதைத் தரும் மின் என்ற ஃபங்ஷனில் அப்படி முடியவில்லை. சி மொழிக்காரர்கள் இதை மேக்ரோவாக, அதாவது அழைக்கும் இடத்தில் அப்படியே எழுத்தாக விரிக்கப்படும் சுருக்கமாக, எழுதுவார்கள். வெவ்வேறு வகைகளைக் கொடுத்தாலும் ஓடும், ஆனால் கொடுத்த கோவையை இரண்டு முறை இயக்கிவிடக்கூடும். அந்தக் குறை இல்லாமல் சி++இல் எழுதுவது எப்படி என்று ஆண்ட்ரே அலெக்சாண்ட்ரெஸ்கு 2001இல் முழுக் கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. இன்று டெக்ல்டைப் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, இரண்டு வகைகளுக்குப் பொதுவான வகையைத் தரும் காமன்டைப்பும் இருக்கிறது. இவற்றைக் கொண்டு மின்னை ஒரே வரியில் எழுதிவிடலாம். எழுதி, இன்ட்டாக -1ஐயும் எதிர்மறையே இல்லாத அன்சைன்ட் வகையில் 1ஐயும் கொடுத்துப் பாருங்கள். விதிப்படி பொதுவகை அன்சைன்ட். -1 அதற்குள் போகும்போது 4294967295 ஆகிவிடும். சிறியது 1 என்று பதில் வரும்.

ஊகித்த வகை விதிப்படி சரி, விடை தவறு. எதிர்மறையையும் ஏற்கும் சைன்ட் வகைகளையும் அன்சைன்ட்டையும் பிசகில்லாமல் ஒப்பிட 2020இன் தரம் தனி ஃபங்ஷன்களைச் சேர்த்தது. மின்னை மட்டும் தொடவில்லை. சி++ நூலகத்தின் மின் இன்றும் இரண்டு பொருள்களும் ஒரே வகையாக இருந்தால்தான் ஏற்கிறது. இன்ட்டையும் லாங் என்ற மற்றொரு முழு எண் வகையையும் கொடுத்தால் கம்பைலர் மறுத்துவிடும்; எந்த வகையில் ஒப்பிட வேண்டும் என்பதை நிரலாளர் கோணக் குறிகளுக்குள் தன் கையால் எழுதித் தர வேண்டும்.